கொத்தனார் கருவி கோமான்கள் கையில்!

தென்னேரி ஏரிக்கரையில் விவசாயத் தொழிலாளித் தோழர் ஒருவர் கேட்டார்: “பிரீமேசன் என்ற ரகசியச் சங்கம்தான் உலகத்தையே ஆட்டி வைக்கிறதாமே, மெய்தானா தோழர்?”

மந்திரமுமில்லை, மாயமுமில்லை, தோழர்களே! இது வர்க்க விஷயம்.

கல்தச்சர் சங்கத்தின் வழிவந்தவர்கள் என்றே பிரீமேசன்கள் சொல்லிக்கொள்கிறார்கள். மூலைமட்டமும் கவராயமும் அவர்களுடைய சின்னம். ஆனால் 1723-ல் லண்டனில் அச்சான அவர்களுடைய விதி என்ன சொல்லிற்று? அடிமைக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை! கருவியைச் சீமான்கள் எடுத்துக்கொண்டார்கள். கருவி பிடித்தவன் வெளியே நின்றான்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1793 செப்டம்பர் 18 அன்று ஜனாதிபதி வாஷிங்டன், கொத்தனார் தோலாடை போன்ற சங்க உடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிரீமேசன் சடங்குப்படி பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதைக் கட்ட உழைத்தவர்களில் கறுப்பின அடிமைகள் ஏராளம். அவர்களுடைய கூலி எஜமானர்கள் பைக்குப் போயிற்று! போஸ்டன் நகரத்துக் கறுப்பர் பிரின்ஸ் ஹால் 1775-லேயே பிரீமேசன் ஆனவர். அவரையும் அவர் கூட்டத்தாரையும் வெள்ளைச் ‘சகோதரர்கள்’ அண்டவிடவில்லை. இதுதானா சகோதரத்துவம்?

நம் சீமைக் கதை வேறா? 1763-ல் காஞ்சிபுரம் உள்ளிட்ட செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார் ஆற்காட்டு நவாப். அவர் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சியில் பிரீமேசன் ஆனார். 1801-ல் அவர் கண்மூடியதும் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி விழுங்கிற்று. எந்தச் சகோதரன் தடுத்தான்?

இனி சட்டத்தின் நியாயத்தைக் கேளுங்கள். 1799-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இரண்டு சட்டம் செய்தது. கூலி உயர்வுக்காகத் தொழிலாளி கூடினால் சிறை என்றது ஒன்று. ரகசியப் பிரமாணம் செய்யும் சங்கங்களுக்குத் தடை என்றது மற்றொன்று. ஆனால் அதில் பிரீமேசன்களுக்கு விலக்கு!

1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளிகள் பகிரங்கமாகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். கம்பெனி ஹைக்கோர்ட்டுக்குப் போய்ச் சங்கத் தலைவர்கள்மீது தடையுத்தரவு வாங்கிற்று. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் வந்தது. அதே 1920-களில் எழும்பூரில் பிரீமேசன் மண்டபம் கம்பீரமாக எழுந்தது. அதற்குத் தடையுத்தரவு கேட்டது யார்?

வெள்ளையன் போனான். 1961-ல் இந்தியாவுக்கென்று தனிப் பெருஞ்சங்கம் அமைந்தது. முதல் தலைவர் யார்? ராம்பூர் நவாப்!

தான தர்மம் செய்கிறார்களே என்பீர்கள். செய்கிறார்கள், மறுக்கவில்லை. பிச்சை வேறு, உரிமை வேறு.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். உலகை ஆட்டுவது ஏதோ ரகசியக் கை என்று நம்பினால், கண்ணெதிரே சுரண்டுகிறவன் தப்பித்துக்கொள்வான். நிலமும் ஆலையும் எவன் கையில் என்பதில் ரகசியம் ஏது? பூட்டிய அறைக்குள் எவரெவர் சகோதரர்கள் என்பதை, ஊரை ஆள்கிறவரும் நீதி சொல்கிறவரும் பகிரங்கமாகச் சொல்லட்டும். அதைக் கேட்பது நம் உரிமை.

நம் சங்கத்துக்குப் பூட்டில்லை. தறிக்குழியில் உட்காருகிறவரே, சேற்றில் நாற்று நடுகிறவரே, ஆலையில் நூல் நூற்கிறவரே, உள்ளே வாருங்கள்!