மேடை வள்ளியும் திரை வள்ளியும்

நாடகத்தைத் திரைப்படமாக்குவது, பாட்டையும் உரையாடலையும் ஒளிப்படக் கருவியின் முன் மறுமுறை நிகழ்த்துவது அன்று. இசையும் நகைச்சுவையும் கலந்த நாடகத்தில் அவ்வாறு செய்தால் முதலில் மடிவது நகைச்சுவையே. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இதற்குத் தக்க சான்று.

சங்கரன்கோவில் போன்ற தென்மாவட்ட ஊர்ப்புறங்களில், கோயில் கொடை நாள்களில் இந்நாடகத்தை விடியவிடியக் கண்டு மகிழ்வோர் இன்றும் உளர். பபூன் அவையைக் கலகலப்பாக்குவார். நாரதரும் வள்ளியும் பாட்டாலேயே தருக்கம் புரிவர். ஆர்மோனியக்காரரும் இடையே ஒரு சொல் எறிவார். வேடனாக வந்த முருகன் கிழவனாகத் திரும்பி, தேனும் தினைமாவும் உண்டு விக்குவான். பின்னர் யானை வரவேண்டும். பெரும்பாலும் அது மேடைக்கு வருவதே இல்லை! வள்ளியின் நடுக்கமும் மிருதங்க ஒலியும் சேர்ந்து அதனைப் படைத்துவிடும். சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். கைதட்டல் ஓங்கினால் பாடிய அடியையே மீண்டும் விரித்துப் பாடுவார். நாடகத்தின் நீளத்தை அவையோரும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர்.

திரையில் அவையோர்க்கு இவ்வுரிமை இல்லை. சிரிப்பு எவ்வளவு நேரம் நீளும் என்பதைப் படத்தொகுப்பாளர் முன்கூட்டியே கணித்து இடைவெளி விடவேண்டும். குறைந்தால் அடுத்த சொல் சிரிப்பொலியில் மூழ்கும். மிகுந்தால் காட்சி தொய்யும். உண்மையான யானையைக் காட்டினால் அச்சம் பிறக்கலாம். கிழவனின் குறும்பு பின்தங்கிவிடும். ஆயினும், மேடையால் இயலாத ஒன்று திரைக்கு இயலும். கடைசி வரிசைக்கும் எட்டவேண்டி, மேடைக் கிழவன் இருமலையும் தள்ளாட்டத்தையும் பெரிதாக்குகிறான். அண்மைக் காட்சியில் அவை மிகையாகும். நரைத்த தாடிக்கு மேலே இளமை மாறாத இரு கண்கள் போதும்.

பாட்டின் நிலை வேறு. சங்கரன்கோவில் அமைந்துள்ள அதே தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, பேசும்படம் எதிலும் நடிக்காமலேயே 1933ஆம் ஆண்டு மறைந்தார். டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த ‘வள்ளி திருமணம்’ திரைப்படம் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. கிட்டப்பாவின் பாணியில் பாடவல்ல டி.ஆர். மகாலிங்கத்தை முருகனாக்கி, 1945ஆம் ஆண்டு ஏ.வி. மெய்யப்பன் ‘ஸ்ரீவள்ளி’யை வெளியிட்டார். அவரது உச்சக்குரலை நம்பியது நல்ல முடிவு என்பேன். ஆனால், வள்ளியாக நடித்தவர் ருக்மணி; பாடல்களில் ஒலித்ததோ பி.ஏ. பெரியநாயகியின் குரல். மேடையில் இது நடவாது.

‘மை ஃபேர் லேடி’ என்னும் மேடை இசை நகைச்சுவை நாடகம் 1964ஆம் ஆண்டு ஆங்கிலத் திரைப்படமானபோதும் இதுவே நேர்ந்தது. நடித்தவர் ஆட்ரி ஹெப்பர்ன். பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்சன். அதே படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் மட்டும் முன்பதிவுக்கு இசையவில்லை. ஒலிவாங்கியை உடைக்குள் மறைத்துக்கொண்டு, நடிக்கும்போதே பாடினார். அவர் பாட்டில் பேச்சின் துடிப்பு கேட்கிறது.

தருக்கப் பாட்டுக்கு வேண்டுவதும் அத்துடிப்பே. எதிராளியின் சொல்லைக் கேட்ட கணத்தில் பிறக்கும் மறுமொழி அது. முன்பே பதிவு செய்த குரலுக்கு வாயசைத்தால் அம்மறுமொழி ஒப்பிப்பதாகிவிடும். இன்று ‘வள்ளி திருமண’த்தைப் படமாக்க முனைவோர், தருக்கத்தை மட்டுமேனும் படப்பிடிப்புத் தளத்திலேயே, ஆர்மோனியக்காரரை அருகிருத்திப் பாடச்செய்து பதிவு செய்தல் வேண்டும். ஓரிடத்தில் சுருதி சற்றே விலகினும் குற்றமில்லை.