முட்டை மிதக்கவில்லை

விஞ்ஞான வாரம் வந்துவிட்டால் எமது கிராமங்களிலே பெற்றோருக்குத்தான் வேலை. றெஜிபோம் வாங்க வேண்டும். எரிமலையோ சூரிய குடும்பமோ செய்து தரப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் அண்ணனைப் பிடிக்க வேண்டும். இறுதி நாளில் விருந்தினர் வருவர். பிள்ளை மேசைக்குப் பின்னால் நின்று பாடமாக்கியதை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். இடையிலே ஒரு கேள்வி கேட்டால் ஆசிரியையைத் திரும்பிப் பார்க்கும். மாலை போட்டு முன்வரிசையில் அமர்ந்திருந்த எமக்கும் இந்தத் தவறில் பங்குண்டு.

ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று பாடத்தின் பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்கச் செயற்பாடு போய் வினாத்தாள் மட்டுமே மிஞ்சுகிறது.

சென்ற வருடம் கரையோரப் பாடசாலையொன்றில் வேறுவிதமாகச் செய்து பார்த்தோம். ஒரு போத்தலில் கிணற்று நீர், இன்னொன்றில் பிள்ளைகளே அள்ளிவந்த கடல்நீர், இரண்டு முட்டைகள். உப்புநீரில் முட்டை மிதக்கும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கடல்நீரில் போட்டோம். முட்டை நேரே அடிக்குப் போயிற்று. ஆசிரியைக்கு முகம் வாடிவிட்டது. "முட்டை பழுதாக்கும், பாதர்" என்றார். பழுதான முட்டைதான் மிதக்கும் என்று ஒரு சிறுமி மெல்லச் சொன்னாள். அவளது வீட்டிலே கோழி வளர்க்கிறார்கள்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உண்டு. புதிய முட்டையைத் தூக்க அது போதாது. பிள்ளைகள் கரண்டி கரண்டியாக உப்பிட்டுக் கரைத்தார்கள். முட்டை அசைந்து, எழும்பி, தலைகாட்டியபோது எழுந்த கூச்சலில் அடுத்த வகுப்பே ஓடி வந்தது. "அப்ப ஆனையிறவு உப்புப் பாத்தியிலை போட்டால்?" என்றான் ஒரு பையன். எந்த வினாத்தாளிலும் நாம் காணாத கேள்வி அது.

அடுத்த நாள் உப்புநீருக்கு உடுப்பு நீலம் கலந்து, அதன்மேல் நன்னீரைக் கரண்டி வழியே மெதுவாக வார்த்தோம். நன்னீர் மேலே தனியாக நின்றது. பப்பாசிக் குழலை மேலாக வைத்து மெல்ல உறிஞ்சினால் நன்னீர் வரும். ஆழமாக விட்டு இழுத்தால் நீலம் வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கீழே நடப்பதும் இதுவே. மாரி மழைநீர் பாரம் குறைந்ததால் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறுகிறது. தன் வீட்டுக் கிணறு ஏன் உவராயிற்று என்று கேட்ட பிள்ளைக்கு நாம் விடை சொல்லவில்லை. குழலைக் கையில் கொடுத்தோம்.

ஆய்வுகூடம் இல்லை, பணம் இல்லை என்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி இன்றிச் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம்; ஜாம் போத்தலிலே விளக்குச் செய்து படித்த பிள்ளைகள் இன்று அதிபர்களாக இருக்கிறார்கள். உப்புக்கும் முட்டைக்குமா பஞ்சம்?

இவ்வருடம் எம்மை அழைக்கவிருக்கும் அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலை வேண்டாம், மேடையும் வேண்டாம். கிணற்றடியில் ஒரு வாங்கு போட்டு வையுங்கள். முட்டையை நாம் கொண்டுவருகிறோம்.