பிழை தேடுவதற்கும் கூலி கொடுக்க வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் எழுதப்படும் பில்லில் பெரும்பாலும் இரண்டு விடயங்கள்தான் இருக்கும்: சாமானின் விலை, அதைப் பூட்டிய கூலி. பிழை எங்கே என்று தேடிய நேரத்துக்கு எவரும் காசு கேட்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை. ஆகவே எதையாவது கழற்றி மாற்றினால்தான் மெக்கானிக்குக்கு வருமானம். இருபது, முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸோ எல்200 பிக்கப்போ 60 கிலோமீற்றர் வேகத்தில் உதறத் தொடங்கினால் முதலில் ரயர் மாறும், பிறகு யூனிவர்சல் ஜொயின்ற், பிறகு சென்ரர் பெயரிங், அதற்குப் பிறகு எஞ்சின் மவுண்டிங். உதறல் நின்றால் கடைசியாக மாற்றிய சாமான்தான் குற்றவாளி என்று முடிவாகிவிடும். மருதனார்மடத்துக்கும் சுன்னாகத்துக்கும் மரக்கறி ஏற்றும் ஒருவருக்கு இந்த முறை எவ்வளவு நட்டம் என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய கணக்குத் தேவையில்லை.

உதறல் தன் காரணத்தைத் தானே சொல்லக்கூடியது. பிக்கப்பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய இரண்டு மீற்றர் தூரம் கடக்கிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு எட்டுத் தடவை சுற்றும். பின் அச்சின் பல்விகிதம் நான்குக்குக் கிட்ட இருப்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ற் அதே நேரத்தில் முப்பது தடவைக்கு மேல் சுற்றும். எனவே ரயரின் குறை மெதுவான ஆட்டமாக வரும். முன் ரயரென்றால் ஸ்ரியரிங்கில், பின் ரயரென்றால் இருக்கையில். ஷாஃப்றின் குறை தரையில் கால் வைத்தால் உணரப்படும் அதிர்வாக, காதில் இரைச்சலாக வரும். ஒரே வேகத்தை நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் பிடித்துப் பார்த்து அதிர்வு மாறாவிட்டால் எஞ்சினைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம். பாரத்தோடு எடுக்கும்போது உதறி, வேகம் ஏற அடங்கினால் சென்ரர் பெயரிங்கையும் ஜொயின்ற்களின் கோணத்தையும் பார்க்க வேண்டும். வெறுமையாகத் திரும்பும்போது மட்டும் உதறினால், பாரம் தாங்கட்டும் என்று முன்னர் கூடுதலாகப் போட்ட வில்லுத்தகடுகள் பின்பக்கத்தை உயர்த்தி ஷாஃப்றின் சாய்வைக் கெடுத்திருக்கலாம். இந்தச் சோதனைகளுக்கு ஒரு நேரான வீதியும் கால் மணி நேரமும் போதும். குடாநாட்டில் நேரான வீதிக்கா பஞ்சம்!

இன்னொரு பிழையை எந்தப் புதுச் சாமானும் தீர்க்காது. சாய்வில் சுற்றும் யூனிவர்சல் ஜொயின்ற் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மற்ற முனையிலுள்ள ஜொயின்ற் அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்ட, ஷாஃப்றின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஷாஃப்றைக் கழற்றும்போது சோக்கட்டியால் அடையாளம் போடாமல், திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினால் அந்த ஒழுங்கு குலையும். அதற்குப் பிறகு புதிது புதிதாக ஜொயின்ற் வாங்கினாலும் அதிர்வு போகாது. பண்ணைப் பாலத்தாலும் தீவகத்து வீதிகளாலும் நாளாந்தம் ஓடும் வாகனங்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஜொயின்ற் மூடியோரம் செம்பொடி தெரிந்தால் உள்ளே கிறீஸ் வற்றித் துருப்பிடித்துவிட்டது என்று பொருள்.

பழைய வாகனம் உதறத்தானே செய்யும் என்பார்கள். தேய்மானத்தால் வரும் தளர்ச்சி வேறு, ஒரு குறித்த வேகத்தில் தொடங்கி இன்னொரு வேகத்தில் அடங்கும் அதிர்வு வேறு. பின்னதற்குத் தனிக் காரணம் உண்டு. அதை அலட்சியம் செய்து முன்பக்க ஜொயின்ற் முறிந்தால் ஷாஃப்ற் வீதியில் குத்தி வாகனத்தையே புரட்டக்கூடும். வருடாந்தப் புகைப் பரிசோதனை இதைப் பிடிக்காது. அது புகையை மட்டுமே பார்க்கிறது.

எங்கள் மெக்கானிக்குகளின் திறமையைக் குறைத்து மதிப்பதாகச் சிலர் நினைக்கலாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். அன்று மாற்றச் சாமான் இல்லை. ஆகவே யோசிக்க வேண்டியிருந்தது. இன்று கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இரவு பஸ்ஸில் ஏற்றிய சாமான் விடிய வந்து சேர்கிறது, யோசிப்பதற்கு விலை இல்லாமல் போய்விட்டது. தடைக்காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் திறக்கப்பட்ட பிறகும், ரூபாயின் வீழ்ச்சியும் வரிகளும் புது பிக்கப்பைச் சாதாரண விவசாயிக்கு எட்டாத இடத்தில்தான் வைத்திருக்கின்றன. இருப்பதை இன்னும் பல வருடம் ஓட்டத்தான் வேண்டும்.

தேடலுக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கராஜுக்குப் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. அந்தத் தொகையைப் பிறகு செய்யும் வேலையின் கூலியில் கழித்துக்கொள்ளலாம். பிழை வேறிடத்தில் என்று தெரிந்து எதுவும் மாற்றாமல் அனுப்பினாலும் தேடிய நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். வாகனக்காரரும் ‘உதறுது, பாருங்கோ’ என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகாமல், எந்த வேகத்தில், எந்தக் கியரில், பாரத்தோடா வெறுமையாகவா, கடைசியாக யார் ஷாஃப்றைக் கழற்றினார் என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.