அன்றாட ஆங்கிலம்: எனக்கு எது விருப்பம்?



இம்மாதம் நமது விருப்பு வெறுப்புகளை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவோம். நான்கைந்து சொற்கள் போதும். அவற்றை எந்த இடத்தில், எப்படிச் சொல்வது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலாவது சொல் 'லைக்'. தமிழில் "எனக்குத் தேநீர் பிடிக்கும்" என்கிறோம். ஆங்கிலத்தில் 'எனக்கு' என்று தொடங்குவதில்லை. 'நான்' என்றுதான் தொடங்க வேண்டும். "ஐ லைக் டீ." நம்மில் பலர் 'ஐ ஆம் லைக் டீ' என்று இடையில் ஓர் 'ஆம்' சேர்த்துவிடுகிறோம். அது வேண்டியதில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்றால் கடைசியில் ஒரு 'ஸ்' சேரும்: "ஷீ லைக்ஸ் டீ." ஒரு வேலையைச் செய்யப் பிடிக்கும் என்றால் அந்த வேலையின் பெயரோடு 'இங்' சேர்த்துக்கொள்ளுங்கள்: "ஐ லைக் குக்கிங்", "ஐ லைக் ரீடிங்". பிடிக்காது என்பதற்கு "ஐ டோன்ட் லைக்".

இரண்டாவது, 'வுட் லைக்'. 'பிடிக்கும்' என்பது வேறு, 'இப்போது வேண்டும்' என்பது வேறு. ரயிலில் எல்லவுக்கு வந்து இறங்கும் வெளிநாட்டவர்களை நம்பி அங்கே பல விடுதிகள் நடக்கின்றன. அப்படி ஒரு விடுதியில் வேலை செய்யும் பெண், வந்தவரிடம் "டூ யூ லைக் டீ?" என்று கேட்டால், உங்களுக்குப் பொதுவாகத் தேநீர் பிடிக்குமா என்று விசாரிப்பதாகிவிடும். "வுட் யூ லைக் டீ?" என்றால்தான் இப்போது தேநீர் தரட்டுமா என்று பொருள். நமக்கு ஒன்று தேவையென்றாலும் "ஐ வான்ட்" என்பது சற்றுக் கடுமையாக ஒலிக்கும். "ஐ வுட் லைக் எ கிளாஸ் ஒஃப் வோட்டர், பிளீஸ்" என்பது மரியாதை.

மூன்றாவது, 'பிரிஃபர்'. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் சொல் இது. "பால் தேநீரை விட எனக்கு பிளேன்டீதான் விருப்பம்" என்று தமிழில் சொல்லும்போது, நாம் தள்ளிவைப்பது முதலில் வருகிறது. ஆங்கிலத்தில் நாம் விரும்புவதுதான் முதலில் வரும்: "ஐ பிரிஃபர் பிளேன் டீ டு மில்க் டீ." தமிழ் ஒழுங்கிலேயே சொற்களை அடுக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். நீங்கள் வேண்டாம் என்றதே உங்கள் கைக்கு வந்து சேரும்!

இலக்கணம் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பாடத்தை நடத்தும்போது வேறொரு சிக்கலையும் கண்டிருக்கிறேன். ஹாலிஎலவில் தோட்டத்துச் சகோதரிகளுக்கு நடத்திய வகுப்பொன்றில் "வட் டூ யூ லைக்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரு அக்கா பேசாமல் இருந்தார். தமிழிலேயே சொல்லுங்கள் என்றேன். "புள்ளைகளுக்கு என்ன புடிக்கும்னு கேளுங்க மிஸ், சொல்லுறேன். எனக்கு என்ன புடிக்கும்னு யாரும் கேட்டதில்லையே" என்றார்.

அவரிடம் இல்லாதிருந்தது ஆங்கிலச் சொல் மாத்திரமல்ல. மலையகத்திலிருந்து 1977, 1983 வன்செயல்களின்போது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அவர்களில் பலர் அங்கேயும் போருக்குள் அகப்பட்டு, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரை சென்றார்கள். வரிசையில் நின்று வாங்கிய உலர் உணவுப் பொதியிலும், யாரோ தெரிந்தெடுத்து அனுப்பிய சேலையிலும் நமது விருப்பத்துக்கு இடமிருக்கவில்லை. உயிர் பிழைக்க வேண்டிய நேரத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் முகாமை விட்டு வந்த பின்னரும் "எதுன்னாலும் பரவாயில்லை" என்ற சொல் நம் நாவிலே தங்கிவிடுகிறது.

போரைக் காணாத வீட்டிலும் பெண்ணின் நிலை பெரும்பாலும் இதுதான். நீண்டகாலம் இல்லாமையில் வாழ்பவர்கள், கிடைக்கக் கூடியது எவ்வளவோ அந்த அளவுக்கே தங்கள் ஆசையையும் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். 1998இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு பெண் எதையும் கேட்கவில்லை என்பதற்காக அவளுக்குக் குறையொன்றும் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது என்பது அவரது கருத்திலிருந்து நாம் பெறும் பாடம். ஆகவே "ஐ லைக்" என்று சொல்லப் பழகும்போது, எனக்கு எது பிடிக்கும் என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் பழகுகிறோம்.

விருப்பத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு மறுக்கவும் தெரிய வேண்டும். உணவு வேண்டாமென்றால் "நோ, தேங்க் யூ" போதும். விருந்து தந்தவரிடம் "ஐ டோன்ட் லைக் இட்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெளிவாக மறுக்க வேண்டிய இடங்களும் உண்டு. போரில் பாதிக்கப்பட்ட பெண்களைத் தேடி ஆய்வாளர்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் வருவார்கள். அவர்கள் நல்ல மனதோடு வந்தாலும், காணாமற்போன கணவரைப் பற்றியோ முகாமில் நடந்ததைப் பற்றியோ சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. "ஐ வுட் பிரிஃபர் நொட் டு டோக் எபவுட் தட்" என்று சொல்லலாம். அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்பது பொருள். கமராவைத் தூக்கினால் "பிளீஸ் டோன்ட் டேக் மை போட்டோ." வாக்கியம் நீளமாக இருந்தால் "ஐ வுட் றாதர் நொட்" என்பதே போதும். காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

வைத்தியசாலையில் பெண் வைத்தியரிடம் காட்ட விரும்பினால் "ஐ வுட் பிரிஃபர் எ லேடி டொக்டர்" என்று கேளுங்கள். எப்போதும் கிடைக்காது, ஆனால் கேட்டால்தானே நமது தேவை மற்றவருக்குத் தெரியும்?

அரச அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழியானது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை நமக்குத் தருகிறது. எங்கள் ஹாலிஎல பிரதேச செயலாளர் பிரிவு 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவாகவும் அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவம் கைக்கு வருவதுண்டு. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "ஐ வுட் பிரிஃபர் த ஃபோர்ம் இன் டமிழ், பிளீஸ்" என்று கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். உரிமை ஒன்றுதான்.

இம்மாதப் பயிற்சி: ஒரு கொப்பியில் மூன்று வாக்கியம் எழுதுங்கள். 'ஐ லைக்' என்று தொடங்கி ஒன்று, 'ஐ டோன்ட் லைக்' என்று ஒன்று, 'ஐ பிரிஃபர்' என்று ஒன்று. மூன்றும் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும். பிள்ளைகளைப் பற்றியும் வீட்டுக்காரரைப் பற்றியும் பிறகு எழுதலாம். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். பள்ளிக்கூடம் போகும் மகளிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே அவளுக்கு எது விருப்பம் என்றும் கேளுங்கள்.

அடுத்த மாதம் கடையில் விலை விசாரிக்கும் வாக்கியங்களோடு சந்திப்போம்.