இயந்திரத்துக்குக் களைப்பில்லை

ஓர் இசைக்குழு தன் பாதையை மாற்றும்போது இரசிகர்கள் கொதிப்பதும், அவர்களைப் பழமைவாதிகள் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவதும் வழமையான கதை. பெரும்பாலான வேளைகளில் நான் விமர்சகர்களின் பக்கமே நிற்பேன். கலைஞன் இரசிகனின் வேலையாள் அல்லன். ஆனால், மோர்பிட் ஏஞ்சல் குழுவினர் 2011 ஜூன் மாதத்தில் வெளியிட்ட 'இல்லுட் டிவினும் இன்சானுஸ்' என்ற இசைத்தொகுப்பைப் பொறுத்தவரை நியாயம் கொதித்தவர்களின் பக்கமே இருக்கிறது. அவர்கள் கூறிய காரணம்தான் எனக்கு உடன்பாடானதன்று.

இந்த இசையோடு பரிச்சயமில்லாத வாசகர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டம்பா நகரம், எண்பதுகளின் இறுதியில் 'டெத் மெற்றல்' எனப்படும் மிக வன்மையான இசைவகையின் தலைநகராக விளங்கியது. மோர்பிட் ஏஞ்சல் அந்நகரின் குழு. 1989இல் வெளிவந்த அவர்களது 'ஓல்ற்றர்ஸ் ஒஃப் மட்னஸ்' இன்றும் அவ்வகையின் இலக்கணநூலாகவே கருதப்படுகிறது. ட்றே அசக்தோத்தின் கிற்றார், டேவிட் வின்சன்ற்றின் குரல், பீற் சண்டோவலின் ட்றம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அக்குழுவின் முகம்.

இவர்களில் சண்டோவலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இரண்டு கால்களும் இரண்டு மிதிகளை இடைவிடாது மிதிக்க, கைகள் அதற்கு மேலே வேறொரு வேகத்தில் பொழிய, நிமிடக்கணக்கில் தளராமல் வாசிப்பவர் அவர். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய மேளச்சமா கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேகம் கூடக்கூடச் சபையின் கண்கள் தவில் வித்துவானின் கைகளையே மொய்க்கும். அவை எந்தக் கணத்தில் தளருமோ என்ற பதைப்பும் அந்த இரசனையின் ஒரு பங்கு. டெத் மெற்றலின் வேகமும் அத்தகையதே. எலும்பும் தசையும் உள்ள ஒரு மனிதன் அதை வாசிக்கிறான் என்பதால்தான் அந்த வேகத்துக்குப் பொருள் உண்டு. இயந்திரத்துக்குக் களைப்பில்லை, ஆகவே அதன் வேகத்தில் வியப்பும் இல்லை.

2011ஆம் ஆண்டின் தொகுப்பில் சண்டோவல் இல்லை. முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டதால் அவர் விலகியிருக்க, ரிம் யங் அவரது இடத்தில் வாசித்தார். திறமையானவர்தான், பழைய பாணிப் பாடல்களில் அவர்மீது குறை சொல்ல இடமில்லை. ஆனால் முன்னுரையாக வரும் இசைத்துண்டு முடிந்ததும் முதற்பாடலாக ஒலிக்கும் 'ரூ எக்ஸ்றீம்' இரவு விடுதிகளின் மின்னணுத் தாளத்தில் இடிக்கத் தொடங்குகிறது. 'டெஸ்ற்ரக்ரோஸ்' என்று தொடங்கும் தலைப்புடைய பாடல் இராணுவ அணிவகுப்புப்போல நடைபோடுகிறது. 'ரடிகல்ற்' ஏழு நிமிடங்களுக்கும் மேலாக ஒரே இடத்தில் நின்று ஆடுகிறது. 2003இல் வெளிவந்த 'ஹெறற்றிக்' தொகுப்புக்குப் பின் எட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு, அதுவும் 1995இன் 'டொமினேஷன்' தொகுப்புக்குப் பிறகு முதன்முறையாக வின்சன்ற் பாடும் தொகுப்பு என்று எதிர்பார்த்தவர்களுக்கு, இது எப்படி இருந்திருக்கும்?

'மின்னணுக் கருவிகளைத் தொட்டதே பாவம்' என்பது இரசிகர்களின் வாதம். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மோர்பிட் ஏஞ்சலின் பாடல்களை ஸ்லொவேனியாவின் லைபாஹ் குழு 1994இலேயே மின்னணு வடிவில் மறுகலவை செய்திருந்தது. அப்போது வானம் இடிந்து விழவில்லை. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த கோட்ஃபிளெஷ் குழுவோ ட்றம்ஸ் கலைஞரே இல்லாமல், இயந்திரத் தாளத்தை மட்டும் வைத்து 'ஸ்ற்றீற்கிளீனர்' என்ற அபாரமான தொகுப்பை உருவாக்கியது. அது வெளியானதும் அதே 1989இல். வெளியிட்டதும் 'ஓல்ற்றர்ஸ் ஒஃப் மட்னஸ்' தொகுப்பை வெளியிட்ட அதே இயர்ஏக் நிறுவனம்! அக்குழுவின் ஜஸ்ரின் புறோட்றிக், அதிவேகத்துக்குப் பேர்போன நேபாம் டெத் குழுவின் முதல் தொகுப்பில் கிற்றார் வாசித்தவர். அந்த வேகத்தை அறிந்தவர் என்பதால், இயந்திரத்தைக் கையிலெடுத்தபோது அதை வேகத்துக்குப் பயன்படுத்தவில்லை. மெதுவாக, பாரமாக, இரக்கமில்லாத ஆலைச் சம்மட்டிபோல அடிக்கவிட்டார். மனிதனால் தரமுடியாத எதை இயந்திரம் தரும் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருந்தது.

நோர்வேயின் உல்வர் குழு இன்னொரு வகை. 1997இல் செவியைக் கிழிக்கும் 'பிளாக் மெற்றல்' தொகுப்பொன்றைத் தந்தவர்கள், 2000இல் 'பெர்டிஷன் சிற்றி' என்ற நள்ளிரவு நகரத்தின் மின்னணு இசையோடு வந்து நின்றார்கள். பழைய இரசிகர்கள் பலரை இழந்திருப்பார்கள். ஆயினும் அவர்கள் பழைய வீட்டைப் பூட்டிச் சாவியையும் எறிந்துவிட்டுப் போனவர்கள். அந்தத் துணிவை மதிக்காமல் இருக்க முடியாது.

மோர்பிட் ஏஞ்சல் வீட்டையும் விடவில்லை, வெளியேயும் போகவில்லை. 'எக்சிஸ்ரோ வுல்கோறே', 'பிளேட்ஸ் ஃபோர் பால்' போன்ற பாடல்கள் பழைய பாணியிலேயே இருக்கின்றன, மோசமானவையுமல்ல. அவற்றுக்கு முன்னும் பின்னும் மின்னணுப் பாடல்கள் செருகப்பட்டுள்ளன. ஒன்று மற்றொன்றை எங்கும் தொடவில்லை. இரண்டு குழுக்களின் ஒலிப்பதிவுகளைத் தவறுதலாக ஒரே இறுவட்டில் பதித்துவிட்டார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது. இதைப் பரிசோதனை என்று அழைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநீதி. இவர்கள் 2011இல் புதுமையென்று நீட்டிய ஒலிகளைத் தொண்ணூறுகளிலேயே மற்றவர்கள் கேட்டு, இரசித்து, அலுத்தும் விட்டார்கள். ஆலையிசை எனத்தக்க அந்தப் பாணி வின்சன்ற்றுக்கும் புதிதன்று. மோர்பிட் ஏஞ்சலை விட்டு விலகியிருந்த ஆண்டுகளில் அவர் வாசித்த ஜெனிற்றோர்ச்சறர்ஸ் குழுவின் பாணியும் அதுதான். 2012இல் இதே பாடல்களின் மறுகலவைத் தொகுப்பொன்றும் வந்தது. அதைப் பற்றி எழுத எதுவுமில்லை.

2015இல் வின்சன்ற் வெளியேறினார். அவருக்கு முன்பு அந்த இடத்தில் பாடிய ஸ்ரீவ் ரக்கர் திரும்பி வந்தார். 2017 டிசம்பரில் வெளியான 'கிங்டம்ஸ் டிஸ்டெய்ன்ட்' தொகுப்பில் மின்னணுத் தாளத்துக்கு இடமே இருக்கவில்லை. வின்சன்ற் தனியாக ஒரு குழு அமைத்து, 1989 முதல் 1995 வரையிலான பழைய மோர்பிட் ஏஞ்சல் பாடல்களை மேடைகளில் இசைக்கத் தொடங்கினார். பின்னர் சண்டோவலும் அதில் சேர்ந்து, அந்தப் பழைய பாடல்களை மீண்டும் தன் கைகளாலும் கால்களாலும் வாசித்தார். அந்தக் குழுவுக்கு வின்சன்ற் சூட்டிய பெயர் 'ஐ ஆம் மோர்பிட்'. அது 2011ஆம் ஆண்டின் அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற பாடலொன்றின் தலைப்பு.