பாத்ரூம் கழுவவும் இங்கிலீஷ் வேண்டும்!

தஞ்சாவூர், கும்பகோணம் என்று எங்கே பார்த்தாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு. உள்ளே சொல்லித் தருவதெல்லாம் இண்டர்வியூ இங்கிலீஷ். நல்லது. ஆனால் பாத்ரூம் கழுவும் பாட்டிலின் லேபிளைப் படிக்கச் சொல்லித் தரும் வகுப்பு ஒன்றாவது உண்டா? கேட்டால், "அது வேலைக்காரி இங்கிலீஷ் சார்" என்று சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயமா இது?

1996-ல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தது. கூடவே கொரியக் குடும்பங்களும் சென்னையில் குடியேறின. அந்த வீட்டம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மேட்டூர் தண்ணீர் ஏமாற்றிய வருஷத்தில் டெல்டாவை விட்டு அங்கே வேலைக்குப் போகிற அக்காவுக்குக் கொரியன் தெரியாது. இருவருக்கும் நடுவே இருப்பது அரைகுறை இங்கிலீஷ்தான்.

கொரியாவில் பிளீச்சுக்கு 'ராக்ஸ்' என்று பெயர். பிராண்டு பெயரே பொதுப்பெயர் ஆன கதை, இங்கே 'ஜெராக்ஸ்' மாதிரி. இங்கிலீஷ் வார்த்தை போலத்தான் ஒலிக்கும், ஆனால் இங்கே யாருக்கும் புரியாது. நம் ஊரிலோ பாத்ரூமில் ஊற்றுவது எதுவானாலும் 'ஆசிட்'!

வம்பு இங்கேதான். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில், 1915-ல் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. வெள்ளம் வடிந்ததும் தெருவில் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அதில் ஆசிட் பட்டாலும் இதே கதைதான். "நல்லா வெளுக்கட்டும்" என்று சின்ன பாத்ரூமில் இரண்டையும் ஊற்றுகிறவருக்கு இதை யார் சொன்னார்கள்?

'தமிழில் லேபிள் போட்டால் போதுமே' என்பீர்கள். போடட்டும், கட்டாயம் போடட்டும். ஆனால் பாக்கெட் பொருட்களுக்கான 2011-ம் வருட விதிகளின்படி, பெயர், அளவு, விலை போன்ற விவரங்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் போதும். தமிழ் கம்பெனியின் இஷ்டம். தவிர, தமிழ் லேபிளைக் கொரிய அம்மா எப்படிப் படிப்பார்?

பத்தே வார்த்தை போதும். பிளீச், ஆசிட், கிளவுஸ், 'கலக்காதே', 'ஜன்னலைத் திற'... இவற்றுக்கான இங்கிலீஷை ஒரே மணி நேரத்தில் சொல்லித் தரலாம். கொரிய வீட்டம்மாவுக்கும் வேண்டும், டெல்டா அக்காவுக்கும் வேண்டும்.

இண்டர்வியூவில் ஒரு வார்த்தை தப்பினால் வேலை போகும், அவ்வளவுதான். பாத்ரூமில் தப்பினால் மூச்சே போகலாம். எதை முதலில் சொல்லித் தரவேண்டும், நீங்களே சொல்லுங்கள்.