இரண்டரை சென்டிமீட்டர் சங்கதி

கெட்டுப்போன பொருளுக்குப் பதிலாகப் புதுசு வாங்கினால் அது செலவு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பொருளை ஓரமாக வைத்துவிட்டு, அதைவிட ஒசத்தியாக இன்னொன்று வாங்கினால் அதற்குப் பெயர் ‘அப்கிரேட்’. முதலாவதற்குக் காசு கேட்டால் வீட்டில் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவதற்கு விளக்கம் கேட்பார்கள். நான் பி.காம். என்பதால் விளக்கத்தைக் கணக்காகவே எழுதி வைத்திருந்தேன். விஷயம், காதுக்குள் சொருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிற ஹெட்செட். விலை 2,400 ரூபாய். (இந்தக் காசுக்குத் தங்கம் கேட்டால் கடைக்காரர் கூடவே பூதக்கண்ணாடியும் கொடுக்க வேண்டியிருக்கும்.)

ஏற்கெனவே ஒன்று இருந்தது. தாம்பரம் மின்சார ரயிலில், வேர்க்கடலைக்கும் சேஃப்டி பின்னுக்கும் நடுவில் வந்த வியாபாரியிடம் 150 ரூபாய்க்கு வாங்கியது. காது வாசலில் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்காரும், உள்ளே வராது. அதனால் பாட்டும் கேட்கும், ரயிலும் கேட்கும், எதிர் சீட்டில் நடக்கிற பாகப்பிரிவினையும் கேட்கும். ரயிலை ஜெயிக்க வேண்டுமானால் சத்தத்தை ஏற்றியாக வேண்டும். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் ஃபோனே, ‘இவ்வளவு சத்தம் காதுக்கு ஆகாது’ என்று எச்சரிக்கை காட்டும். நமக்குப் புத்தி சொல்கிற லிஸ்ட்டில் ஃபோனும் சேர்ந்துவிட்டது.

ஆனால் அது சொல்வதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் காதுக்கு ஒரு வாராந்தர பட்ஜெட் போட்டுக் கொடுத்திருக்கிறது. 80 டெசிபெல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் என்றால்? பத்துதானே கூட, 35 மணி நேரம் கேட்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை சார், வெறும் 4 மணி நேரம்! டெசிபெல் கணக்கு கந்துவட்டி மாதிரி. மூன்று ஏறினால் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு, கேட்கலாம் என்கிற நேரம் பாதி. எனக்கு ஆபீஸ் போக வர தினமும் இரண்டு மணி நேரம் ரயில். ரயிலை அமுக்குகிற அளவுக்குப் பாட்டை 90-ல் வைத்தால் திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு, பட்ஜெட் காலி. புதன் முதல் சனி வரை ஓவர்டிராஃப்ட். பாங்க்கில் ஓவர்டிராஃப்ட்டைத் திருப்பிக் கட்டலாம். காதில் அந்த வசதி கிடையாது. உள்காதில் சுமார் 15,000 ரோம செல்களோடு பிறக்கிறோம். செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. தலைமுடிக்காவது தைலம் விற்கிறார்கள்.

ஆகவே நான் 2,400 கொடுத்தது அதிகமாகக் கேட்பதற்கு இல்லை, குறைவாகக் கேட்பதற்கு. காதுத் துவாரத்தை அடைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் வெளிச் சத்தத்தில் ஒரு பெரும் பங்கு வாசலோடு நின்றுவிடும். அப்புறம் எதற்குக் கத்த வேண்டும்? பழைய ஹெட்செட்டில் பதினைந்துக்குப் பதிமூன்றில் கேட்ட பாட்டு, இதில் ஏழிலேயே போதும் என்கிறது.

இந்தச் சாதனத்தின் பூர்வீகம் வேடிக்கையானது. 1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது காதுக்கு மேல் பஞ்சு வைத்த வளையம்தான். என் மாமா ஒருவர் அதை மாட்டிக்கொண்டு நடந்தால் தெருவே அவரை விண்வெளி வீரர் மாதிரி பார்க்குமாம். காதுக்குள்ளேயே போகிற ஐடியா பாட்டுக் கம்பெனிக்காரர்களிடமிருந்து வரவில்லை. காது கேட்காதவர்களுக்கு மெஷின் செய்கிறவர்களிடமிருந்து வந்தது. மீட் கில்லியன் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஹியரிங் எய்டு ஆராய்ச்சியிலேயே ஊறியவர். 1983-ல் எடிமோடிக் ரிசர்ச் என்று கம்பெனி ஆரம்பித்தார். ஹியரிங் எய்டுக்குள் இருக்கிற அரிசி மணி சைஸ் ஸ்பீக்கரை வைத்து, பாட்டுக் கேட்பதற்கென்றே 1991-ல் அந்தக் கம்பெனி ஈஆர்-4 என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நான்கு வருஷம் கழித்து ஜெர்ரி ஹார்வி என்ற சவுண்ட் எஞ்சினியர், வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் மேடைச் சத்தத்தில் காதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறாரே என்று அவர் காது அளவுக்கே ஒன்று செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி அப்படிப் பிறந்தது. ஆக, இன்றைக்குக் காலேஜ் பையன்கள் பந்தாவாக மாட்டிக்கொள்கிற சமாசாரம், தாத்தாக்கள் கூச்சப்பட்டு மறைக்கிற சமாசாரத்தின் சொந்தத் தம்பி.

வாங்கப் போனது ரிச்சி தெரு. மவுண்ட் ரோடை ஒட்டிய அந்தச் சந்துகளில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமானுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை என்று அர்த்தம். கடைக்காரத் தம்பி என்னைப் பார்த்ததும் தீர்மானித்துவிட்டார்.

“சார், இத எடுத்துக்கங்க. பேஸ் சும்மா அள்ளும். மண்டையே அதிரும்.”

“தம்பி, மண்டை அதிர வேணாம். வயலின் வயலின் மாதிரி கேட்டா போதும்.”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ஒரு அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். “நாப்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் போவுது சார்!” போகட்டும். மனிதக் காது சின்ன வயசிலேயே இருபதாயிரத்தோடு நின்றுவிடும். முப்பதைத் தாண்டினால் அதிலும் மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைய ஆரம்பிக்கும். நாற்பதாயிரம், வீட்டில் வௌவால் வளர்க்கிறவர்களுக்கு.

விலை ஏறினால் சத்தமும் ஒசத்தி என்று நினைக்க வேண்டாம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த ஸ்வரம் எவ்வளவு தூக்கலாக வருகிறது என்ற அளவுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் முடிவு. எனக்குத் தெரிந்து பி.காம். பாடத்துக்குச் சேர்க்க வேண்டிய ஒலியியல் கட்டுரை இது ஒன்றுதான். விலை கூடும்போது உடம்பு உலோகமாகும், ஒயர் பின்னலாகும், டப்பா நகைப்பெட்டி மாதிரி ஆகும். உள்ளே பாட்டு அதேதான் என்று சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்துப் பாட்டை எடை போட முடியாது என்கிறேன்.

“ப்ளூடூத் வேணாமா சார்? இப்ப யாரு ஒயர் போடறா?” என்றார் தம்பி. 2016-ல் ஐஃபோன் 7 வந்தபோது ஹெட்செட் ஓட்டையை அடைத்தார்கள். ஒவ்வொருவராக மற்றவர்களும் அடைத்தார்கள். ஒயர் வைத்ததை இப்போது மாட்ட வேண்டுமானால் சார்ஜர் ஓட்டையில் சொருக ஒரு குட்டி வால் தனியாக வாங்க வேண்டும். சௌகரியம் என்று பார்த்தால் ப்ளூடூத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முந்திரிக்கொட்டைக்குள் ஒரு பாட்டரி இருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் தேயும். மாற்றலாம் என்றால் திறக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று படித்தோமே, அதைக் காதில் மாட்டிக்கொண்டு திரிய எனக்கு இஷ்டமில்லை. நான் வாங்கியதில் பாட்டரி கிடையாது. ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் கழற்றி மாற்றலாம்.

வீட்டுக்கு வந்து மாட்டியதும் சப்பென்றிருந்தது. தகர டப்பாவில் பாடுகிற மாதிரி. ‘இதுக்கா 2,400?’ என்று மனைவியின் முகத்தில் எழுதியிருந்தது. பெட்டியில் மூன்று சைஸ் ரப்பர் குமிழ் கொடுத்திருந்தார்கள். காதுத் துவாரம் மொத்தமே இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் யாருக்கும் யாருடையது மாதிரியும் இருக்காது. ஏன், ஒரே ஆளின் இடது மாதிரி வலது இருக்காது. எனக்கு இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரிசு. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, லேசாகத் திருகி உள்ளே விட வேண்டும். (பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுப் பழகியவர்களுக்குச் சுலபம்.) மயிரிழை சந்து இருந்தாலும் முதலில் ஓடிப்போவது அடி ஸ்வரங்கள்தான், ஓட்டை டியூபில் காற்று மாதிரி. சந்து அடைபட்டதும் ரயில் நின்ற மாதிரி ஒரு நிசப்தம். அப்புறம் அடியிலிருந்து பேஸ் கிடார் எழுந்து வந்தது பாருங்கள்! ஹெட்செட்டை அப்கிரேட் பண்ணியவர்களில் பாதிப் பேர் உண்மையில் அப்கிரேட் பண்ண வேண்டியது ரப்பரை என்பது என் கட்சி.

கேட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் மோனோ பாட்டுகள் இடமும் போகாமல் வலமும் போகாமல் நடு மண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கின்றன. இளையராஜாவின் எண்பதுகளுக்கு வந்தால், இத்தனை வருஷம் மேலே பாடுகிறவரை மட்டும் கேட்டிருக்கிறோம், கீழே பேஸ் கிடார் தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கிறது. 1986-ல் வந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் வயலின்கள் ஒரே கூட்டமாக இல்லாமல் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நிற்கின்றன. எல்லாம் லாபம் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் செல்ஃபோன் கடையில் மெமரி கார்டில் ஏற்றி வாங்கிய எம்பி3 பாட்டுகளில் சிம்பல் சத்தம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கிறது. அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும். ரயில் சத்தம் மறைத்திருக்கிறது.

(ஒரு குறுக்குச்சால். இதை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டாதீர்கள். பின்னால் வருகிற எலெக்ட்ரிக் டிரெய்ன் ஹார்ன் அடிப்பது கேட்காது. ஸ்டேஷன் வந்தால் முதலில் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது, அப்புறம் இறங்குவது.)

பொங்கலுக்கு சோமனூர் போயிருந்தேன். பெரியப்பா அங்கே 31 வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஷெட்டுக்குள் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டும், அதுவும் ஷிஃப்ட் முழுக்க. வாரத்துக்கு 4 மணி நேர பட்ஜெட்டில் அவர் 31 வருஷம் வேலை பார்த்திருக்கிறார். யாரும் அவருக்குக் காதில் வைக்கப் பஞ்சு கூடக் கொடுக்கவில்லை. இப்போது பேசினால் கேட்கும், ஆனால் பாதிதான். சத்தத்தில் கெடுகிற காது மேல் ஸ்வரங்களைத்தான் முதலில் இழக்கும். ‘ச’வும் ‘ஸ’வும் போய்விடும். “சாப்பிட்டாச்சா?” என்றால் “யாரு வந்தாச்சு?” என்பார். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

“என்னடா கண்ணு அது, காதுக்குள்ளார?” என்றார். ரப்பரைத் துடைத்து, அவர் காதுக்குப் பெரிய சைஸ் மாற்றி மாட்டிவிட்டு, அவருக்குப் பிடித்த ஒரு பழைய டூயட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடியில யாரோ நடக்கற மாதிரி இருக்குதே! அது என்னது?”

“பேஸ் கிடார் பெரியப்பா.”

“இத்தன நாளு இது கேட்டதில்லடா.” தாளம் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, “ஏன்டா, இந்தப் பாட்டுல சலங்கை வருமல்லோ? எப்ப வரும்?” என்றார்.

ஒரு குமிழைக் கழற்றி என் காதில் வைத்துப் பார்த்தேன். சலங்கை ஆரம்பத்திலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது.

“இனிமேத்தான் வரும் பெரியப்பா” என்றேன்.

பெரியம்மா அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். ஹியரிங் எய்டு. வாங்கி மூன்று வருஷம். “போட்டா விசிலடிக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாரு. குக்கரு வெச்சிருக்கேன்னு நான் அடுப்படிக்கு ஓடறதே பொழப்பாப் போச்சு” என்றார். எடுத்துப் பார்த்தேன். நுனியில் சின்னதாக ஒரு ரப்பர். அவர் காதில் வைத்தால் லொடலொட என்று ஆடியது. அடைப்பு சரியில்லை என்றால் மெஷினிலிருந்து வருகிற சத்தம் சந்து வழியாக வெளியே ஒழுகி, அதன் மைக்குக்குள்ளேயே திரும்பப் போகும். அதுதான் விசில். என் ஹெட்செட்டில் பேஸைத் தின்ற அதே சந்து.

மறுநாள் கோயமுத்தூருக்குப் பஸ் பிடித்தோம். காது பரிசோதிக்கிற பெண்மணி பொறுமைசாலி. ஆமாம், ரப்பர் சைஸ் பத்தாது, இவருக்கு அளவெடுத்து அச்சு வார்த்தால் விசில் நிற்கும், மெஷினையும் இப்போதைய காதுக்கு ஏற்றபடி மாற்றி வைக்கலாம் என்றார். பேச்சு நன்றாகப் புரிய ஆரம்பிக்குமாம். சலங்கையைப் பற்றிக் கேட்டேன். “அது கஷ்டம்தாங்க, உறுதியாச் சொல்ல மாட்டேன்” என்றார்.

பெரியப்பாவின் காதுக்குள் ரோஸ் நிறப் பசையை ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சினார்கள். ஐந்து நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தபோது அந்த இரண்டரை சென்டிமீட்டரும் அப்படியே வளைந்து நெளிந்து கையில் வந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணியிடம் கேட்டார்: “அம்மிணி, ரெண்டு காதுக்கும் சேத்து எடுத்தா வெல ஏதாச்சும் கொறையுமுங்களா?”

குறையாதாம்.